நல்லாருக்கேன்

எங்கள் வகுப்பில் ஒரு குழு ஐந்தாவது செமஸ்டர் ப்ராஜெக்டுக்கு "கல்லூரி கேண்டீனில் வாடிக்கையாளர் திருப்தி" என்று தலைப்பு எடுத்திருந்தார்கள். பி.காம் படித்தவர்களுக்குத் தெரியும், இந்த மாதிரி ஒரு தலைப்பைத் தாண்டாமல் டிகிரி வாங்குவது கஷ்டம். 50 பேரிடம் படிவம் கொடுத்து, 'மிகவும் திருப்தி' முதல் 'மிகவும் அதிருப்தி' வரை டிக் அடிக்கச் சொல்லி, கலர் கலராக பை சார்ட் போட்டு, ஸ்பைரல் பைண்டிங் செய்து கொண்டுவந்திருந்தார்கள். 72 சதவீதம் பேர் திருப்தி. வைவாவுக்கு வெளியூரிலிருந்து வந்த பேராசிரியர் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "உங்க காலேஜ்ல எத்தனை கேண்டீன்ப்பா?" என்றார். ஒன்றுதான். "மத்தியானம் வெளியில போய்ச் சாப்பிட விடுவாங்களா?" விடமாட்டார்கள், கேட் பூட்டியிருக்கும். "அப்ப திருப்தியா இல்லாம என்ன பண்ணுவாங்க?" என்று சிரித்துக்கொண்டே மார்க் போட்டுவிட்டார்.

அடுத்ததாக உள்ளே போக பைலோடு நின்றுகொண்டிருந்த எனக்குச் சிரிப்பு வரவில்லை. மாமாவின் ஞாபகம் வந்தது.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. வயது 47. பிறவியிலேயே அறிவு வளர்ச்சி குறைவு. தன் பெயர் சொல்வார், எங்கள் எல்லோர் பெயரும் சொல்வார், பத்து வரை எண்ணுவார், அதற்கு மேல் 'நெறய'. 36 வயது வரை அம்மாச்சி வீட்டில் இருந்தார். தாத்தா இறந்து, அம்மாச்சி வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்த பிறகு, பார்த்துக்கொள்ள ஆளில்லாமல் ஒரு ஹோமில் சேர்த்தார்கள். 11 வருடம் ஆகிறது. மாதம் ஒரு ஞாயிறு போய்ப் பார்ப்போம். "நல்லாருக்கியா மாமா?" என்றால் "நல்லாருக்கேன்" என்பார். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பாரு, நல்லா இருக்கான்" என்று எங்களைப் பார்த்துச் சொல்லும். பஸ் ஏறிவிடுவோம்.

விஷயத்துக்குள் போகும் முன் ஒரு சொல் குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். மனநோய் வேறு, அறிவுசார் குறைபாடு வேறு. மனநோய் யாருக்கும் எந்த வயதிலும் வரலாம், சிகிச்சை இருக்கிறது, பலருக்குக் குணமும் ஆகிறது. மாமாவுக்கு இருப்பது இரண்டாவது. அது நோயே இல்லை, மாத்திரையும் கிடையாது, பொறுமையாகப் பழக்கினால் நிறைய கற்றுக்கொள்வார்கள். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம்கூட மனநோய் என்பதற்கு விளக்கம் எழுதும்போதே மனவளர்ச்சிக் குறைவு இதில் சேராது என்று பிரித்துவிடுகிறது. நம் ஊர்ப் பேச்சுதான் பிரிப்பதில்லை. இரண்டுக்கும் சேர்த்து 'கீழ்ப்பாக்கம்' என்று ஒரே சொல். (1871லிருந்து அந்த இடத்தில் ஓர் ஆஸ்பத்திரி எத்தனையோ பேரைக் குணப்படுத்தி வீட்டுக்கு அனுப்பியிருக்கிறது. நம் சினிமா காமெடியன்கள் அந்த ஊர் பெயரையே வசவாக்கிவிட்டார்கள்.) ஆனால் குடும்பம் கைவிட்ட பிறகு இரண்டு வகையினரும் போய்ச் சேரும் கட்டடங்கள் ஒரே மாதிரிதான் இருக்கின்றன. அதனால் நான் இரண்டு பேரைப் பற்றியும் மாற்றி மாற்றிப் பேச வேண்டியிருக்கிறது.

திருப்தியை அளக்க உளவியலில் ஓர் அளவுகோல் உண்டு. எட் டீனர் என்ற அமெரிக்கப் பேராசிரியரும் மூன்று பேரும் சேர்ந்து 1985இல் வெளியிட்டது. உலகம் முழுக்க இன்றும் அதைத்தான் அதிகம் பயன்படுத்துகிறார்கள். மொத்தமே ஐந்து வாக்கியம்தான். ஒவ்வொன்றுக்கும் ஒன்று முதல் ஏழு வரை மதிப்பெண், ஆக மொத்தம் 5லிருந்து 35க்குள் ஏதாவது ஓர் எண் வரும். என் வாழ்க்கை ஏறக்குறைய நான் விரும்புகிற மாதிரி இருக்கிறது என்பது போல ஆரம்பித்து, இன்னொரு முறை வாழக் கிடைத்தாலும் பெரிதாக எதையும் மாற்ற மாட்டேன் என்கிற கருத்தில் போய் முடியும்.

வைவா முடிந்த மாதம் ஹோமுக்குப் போனபோது, இதை மாமாவுக்குப் புரிகிற தமிழில் ஒவ்வொன்றாகக் கேட்டேன். இங்க நல்லாருக்கா மாமா? ஆமா. வேணுங்கிறது எல்லாம் கிடைக்குதா? ஆமா. எதையாச்சும் மாத்தணுமா, இப்படியே இருக்கட்டுமா? ஆமா. எல்லாவற்றுக்கும் ஆமா. 35க்கு 35. எங்கள் குடும்பத்தில் எந்தப் பரீட்சையிலும் முழு மார்க் வாங்கிய ஒரே ஆள் மாமாதான்.

பிறகு கேள்வியைத் திருப்பிப் போட்டேன்.

"இங்க பிடிக்கலையா மாமா?"

"ஆமா."

"வீட்டுக்குப் போயிரலாமா?"

"ஆமா."

"இல்ல, இங்கயே இருக்கியா?"

"ஆமா."

சொல்லிவிட்டு என் சட்டைப் பையைப் பார்த்தார். அதில் அவருக்கு வாங்கி வந்த கடலை மிட்டாய் இருந்தது.

இது மாமாவிடம் மட்டும் இருக்கும் பழக்கம் இல்லை. கரோல் சிகல்மன் என்ற அமெரிக்க ஆய்வாளரும் அவருடைய குழுவும் 1981இல் இதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார்கள். அறிவுசார் குறைபாடு உள்ளவர்களிடம் ஒன்றுக்கொன்று நேர் எதிரான இரண்டு கேள்விகளைக் கேட்டபோது, நிறைய பேர் இரண்டுக்கும் ஆமாம் என்றே சொன்னார்கள். அதன் பிறகு வந்தவர்கள் இதைச் சமாளிக்கப் பல வழிகள் கண்டுபிடித்தார்கள். ஆமாம் இல்லை என்று கேட்காமல் இதுவா அதுவா என்று கேட்பது, சிரிக்கிற முகம் அழுகிற முகம் என்று படம் காட்டுவது, இப்படி. ஆஸ்திரேலியாவின் ராபர்ட் கம்மின்ஸ் தயாரித்த கேள்வித்தாளில் ஒரு தந்திரம் உண்டு. 'உங்கள் துணி, செருப்பு எல்லாவற்றையும் நீங்களே தைத்துக்கொள்கிறீர்களா?' என்பது போல ஒன்றை முதலிலேயே கேட்டுவிடுவார்கள். அதற்கும் ஆமாம் என்றால், இவருடைய மற்ற ஆமாம்களையும் நம்ப முடியாது என்று பேட்டியை நிறுத்திவிடலாம். எனக்கு இது ஒரு மாதிரியாக இருந்தது. பதிலை நம்ப முடியாது என்று கண்டுபிடிக்கலாம், சரி. அந்த மனிதர் ஏன் எல்லாவற்றுக்கும் ஆமாம் சொல்லப் பழகினார்?

எனக்குத் தெரிந்த காரணத்தைச் சொல்கிறேன். மாமா இருக்கும் ஹோமில் 42 பேர். பகலில் பார்த்துக்கொள்ள நான்கு பேர், இரவில் ஒருவர். காலை ஐந்தரைக்கு எழுப்பி வரிசையாகக் குளிக்க வைக்கிறார்கள். எட்டு மணிக்கு டிபன், ஒரு மணிக்குச் சாப்பாடு, நாலு மணிக்குச் சர்க்கரை போட்டுக் கலந்த டீ, ஏழு மணிக்குச் சாப்பாடு, எட்டரைக்கு விளக்கை அணைத்துவிடுவார்கள். இதற்கு நடுவே ஒருவர் "எனக்கு இப்ப வேணாம்" என்று சொன்னால் அந்த நாலு பேரில் ஒருவர் அவருக்காகத் தனியாக நிற்க வேண்டும், மீதி 41 பேர் காத்திருக்க வேண்டும். 'வேணாம்' என்கிற சொல்லுக்கு அங்கே செலவு அதிகம். 'ஆமா'வுக்குச் செலவே இல்லை. 11 வருடம் அப்படி ஓர் இடத்தில் இருந்தால் நானும் 'ஆமா'வில்தான் போய் நிற்பேன்.

அடிக்கிறார்களா என்று கேட்டால், இல்லை. நான் பார்த்தவரை அந்த ஹோமில் யாரும் கெட்டவர்கள் கிடையாது. ஒருமுறை மாமா யாரோ ஒருவருடைய சட்டையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தீபாவளிக்கு அம்மா எடுத்துக்கொடுத்த நீலக் கட்டம் போட்ட சட்டையை வேறொருவர் போட்டிருந்தார். ஆயாம்மாவிடம் கேட்டேன்.

"தம்பி, 42 சட்டைய துவைச்சுக் காயப்போட்டு, யாரு சட்டை எதுன்னு பேர் பாத்து மடிக்கிறதுக்கு எனக்குக் கை ரெண்டுதான இருக்கு. அளவு பாத்து மாட்டி விட்டுருவேன். வெறும் உடம்போட யாரையும் விட மாட்டேன்."

அவர் சொன்னது நியாயம். இதை நான் கணக்கு வழக்கு படிப்பவனாகவே பார்க்கிறேன். ஆட்களை மொத்தமாக வைத்துப் பராமரிப்பது மலிவு என்பதால்தான் இப்படிப்பட்ட இடங்களே இருக்கின்றன. அந்த மலிவு எங்கிருந்து வருகிறது? சொந்தச் சட்டை, சொந்த நேரம், சொந்த டம்ளர் இதையெல்லாம் வெட்டுவதிலிருந்து வருகிறது. எர்விங் காஃப்மன் என்ற சமூகவியலாளர் வாஷிங்டனில் ஒரு பெரிய மனநல மருத்துவமனைக்குள் இருந்து பார்த்துவிட்டு 1961இல் எழுதிய புத்தகத்தில் இதைத்தான் விளக்குகிறார். வெளியில் நாம் தூங்குவது ஓரிடம், வேலை செய்வது ஓரிடம், பொழுது போக்குவது வேறோரிடம். உள்ளே மூன்றும் ஒரே இடத்தில், ஒரே அதிகாரத்தின் கீழ், எல்லோரும் கும்பலாக, மணி அடித்தால் நடக்கிறது. சிறை, ராணுவ முகாம், காப்பகம் மூன்றும் இந்த ஒரு விஷயத்தில் சகோதரர்கள். (நம் ஊர் ஹாஸ்டல்களைச் சேர்க்கலாமா என்று கேட்டால் எனக்கு ஆட்சேபம் இல்லை.)

நம் எதிர்பார்ப்பு இவ்வளவு கீழே இருப்பதற்கு ஒரு வரலாறும் உண்டு. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில் ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு தனியார் மனநலக் காப்பகத்தின் கீற்றுக் கொட்டகை தீப்பிடித்தது. உள்ளே இருந்தவர்களைச் சங்கிலியால் கட்டி வைத்திருந்தார்கள். 28 பேர் இறந்தார்கள். ஓட முடியாமல். அந்தச் செய்தி நாட்டையே உலுக்கியது, உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்காக எடுத்துக்கொண்டது. அதெல்லாம் சரி. ஆனால் அதற்குப் பிறகு நம் மனதில் அளவுகோல் ஏர்வாடி ஆகிவிட்டது. சங்கிலி இல்லை, கான்கிரீட் கூரை, ஃபேன் ஓடுகிறது, வேளைக்குச் சோறு. அப்புறம் என்ன குறை என்று கேட்கிறோம். ஹோமைச் சுற்றிப் பார்த்துவிட்டு வரும் எல்லோரும், என் அப்பா உட்பட, 'நீட்டா வச்சிருக்காங்க' என்ற ஒரு வாக்கியத்தைத்தான் சொல்கிறார்கள். கட்டடத்தைப் பற்றிய வாக்கியம் அது.

2017 சட்டத்தின் 20ஆவது பிரிவைப் படித்துப் பார்த்தால் என்ன நடந்துகொண்டிருந்தது என்று தெரியும். கட்டாயமாக மொட்டை அடிக்கக் கூடாது. விரும்பினால் சொந்தத் துணி உடுத்த வசதி இருக்க வேண்டும், யூனிஃபார்ம் போடச் சொல்லி வற்புறுத்தக் கூடாது. வேலை வாங்கினால் கூலி கொடுக்க வேண்டும். பெண்களுக்கு மாதவிடாய்க் காலத்துக்கு வேண்டிய பொருள்கள் கொடுக்க வேண்டும். இதையெல்லாம் நாடாளுமன்றத்தில் உட்கார்ந்து சட்டமாக எழுத வேண்டியிருந்திருக்கிறது! அதற்கு முந்தைய 19ஆவது பிரிவு இன்னும் முக்கியம். குடும்பம் இல்லை, குடும்பம் ஏற்கவில்லை, வீடில்லை என்ற காரணத்துக்காக மட்டும் ஒருவரை மனநல நிலையத்திலேயே தொடர்ந்து வைத்திருக்கக் கூடாது என்கிறது. இது மனநோய்க்கான சட்டம், மாமாவின் ஹோம் இதற்குள் வராது. ஆனால் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 அவருக்கும் பொருந்தும். அதன் 5ஆவது பிரிவும் கிட்டத்தட்ட இதையேதான் சொல்கிறது: சமூகத்தோடு வாழ உரிமை உண்டு, இன்ன இடத்தில்தான் இருக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்த முடியாது.

எதிர்த்தரப்பு வாதத்தையும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் அதில் உண்மை இருக்கிறது. "அவரே திருப்தியாக இருக்கிறேன் என்கிறார், இல்லை என்று சொல்ல நீ யார்?" 1999இல் ஆல்பிரெக்ட், டெவ்லீகர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் கடுமையான உடல் குறைபாடுகளோடு வாழ்பவர்களிடம் விரிவாகப் பேசிப் பார்த்தார்கள். பாதிக்கு மேற்பட்டவர்கள் தங்கள் வாழ்க்கை நன்றாகவோ மிக நன்றாகவோ இருக்கிறது என்றார்கள். வெளியிலிருந்து பார்ப்பவர்கள் 'ஐயோ பாவம்' என்று நினைக்கிற அளவுக்கு உள்ளே இருப்பவர்கள் நினைப்பதில்லை. அதனால் என்னுடைய பரிதாபமும் ஓர் ஆதாரம் ஆகாது. மாமா சாயங்காலம் டிவியில் பழைய பாட்டு ஓடும்போது கை தட்டிக்கொண்டு சிரிப்பது நடிப்பில்லை.

ஆனால் இதன் மறுபக்கத்தை அமர்த்தியா சென் எழுதியிருக்கிறார். வங்காளப் பஞ்சத்துக்கு மறு வருடம், 1944இல், கல்கத்தா பக்கம் சிங்கூரில் ஒரு சுகாதார ஆய்வு நடந்தது. மனைவியை இழந்த ஆண்களிடம் உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டதற்கு 48.5 சதவீதம் பேர் நோய் என்றோ சுமார் என்றோ சொன்னார்கள். கணவனை இழந்த பெண்களில் அப்படிச் சொன்னவர்கள் 2.5 சதவீதம். அந்தக் காலத்து வங்காளத்தில் விதவைகள் சாப்பிட்ட சாப்பாட்டையும் வாழ்ந்த வாழ்க்கையையும் வைத்துப் பார்த்தால் அவர்கள் அவ்வளவு ஆரோக்கியமாக இருந்திருக்க வாய்ப்பே இல்லை. உடம்பு சுமார் என்று சொல்வதற்குக்கூட, நல்ல உடம்பு நமக்குக் கிடைக்க வேண்டியது என்ற நினைப்பு முதலில் இருக்க வேண்டும் அல்லவா? பொருளாதாரப் பாடத்துக்காக இதைப் படித்த அன்று இரவு எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை.

அப்படியானால் ஒருவரின் திருப்தியை எப்படித்தான் தெரிந்துகொள்வது? வேறு ஒன்றைக் காட்டிவிட்டுப் பிறகு கேட்டால் ஓரளவு தெரியும். இதை வேறு நாடுகளில் பெரிய அளவில் செய்து பார்த்திருக்கிறார்கள். லண்டன் பக்கம் ஃப்ரையர்ன், கிளேபரி என்ற இரண்டு பழைய மனநல மருத்துவமனைகளை மூட முடிவானபோது, ஜூலியன் லெஃப் என்ற மருத்துவரின் குழு 1985லிருந்து, அங்கே வருடக்கணக்காக இருந்து வெளியேறியவர்களைப் பின்தொடர்ந்தது. சுமார் 670 பேர், ஐந்தாண்டுகள். அவர்களுடைய நோய் அப்படியேதான் இருந்தது, கூடவும் இல்லை குறையவும் இல்லை. ஆனால் சமைக்க, கடைக்குப் போக, பஸ் ஏறப் பழகினார்கள். மனம் விட்டுப் பேச ஆள் கிடைத்தது. புதிய வீட்டிலேயே இருக்க விரும்புகிறோம் என்று பெரும்பாலானோர் சொன்னார்கள்.

அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கான பென்ஹர்ஸ்ட் என்ற இடம் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் இருந்தது. 1977இல் நீதிமன்றம் தலையிட்டு, 1987இல் அதை மூடினார்கள். அங்கிருந்தவர்களைச் சிறு சிறு வீடுகளுக்கு மாற்றும்போது கடுமையாக எதிர்த்தது யார் தெரியுமா? குடும்பத்தினர்தான். நன்றாகத்தானே இருக்கிறான், ஏன் கலைக்கிறீர்கள் என்றார்கள். மாற்றிய பிறகு அதே குடும்பங்களைக் கேட்டபோது பெரும்பாலோர் மாறியது நல்லது என்றார்கள். (இதை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். "அது அமெரிக்கா" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டது.)

அமெரிக்கா வேண்டாம், சென்னையே இருக்கிறது. 1993இல் தொடங்கிய பேனியன் அமைப்பு 2015லிருந்து 'ஹோம் அகெய்ன்' என்று ஒரு திட்டம் நடத்துகிறது. மனநல நிலையங்களில் நீண்ட காலம் தங்கிவிட்ட, திரும்பிப் போக வீடில்லாதவர்கள் நாலைந்து பேராகச் சேர்ந்து, சாதாரணத் தெருவில் ஒரு வாடகை வீட்டில் இருப்பார்கள். உதவிக்கு ஆள் உண்டு. 2021இல் உலக சுகாதார நிறுவனம் நல்ல முன்மாதிரிகள் என்று உலகம் முழுக்கத் தேடி எடுத்த பட்டியலில் இதுவும் இருந்தது. எனக்கு அதில் மிகவும் பிடித்தது, யார் யாருடன் ஒரே வீட்டில் இருப்பது என்பதை அவர்களுக்குள் இருக்கும் பழக்கத்தையும் ஒட்டுதலையும் வைத்துத் தீர்மானிப்பதுதான். கல்யாணத்துக்கே அதைக் கேட்காத ஊர் நம்முடையது.

இவ்வளவையும் நான் தேடித் தேடிப் படிக்கக் காரணம், மூன்று மாதத்துக்கு முன்பு எங்கள் ஊர்ப் பக்கத்திலேயே ஒரு சின்ன தொண்டு நிறுவனம் இதே மாதிரி ஒரு வீடு நடத்துவதாகத் தெரியவந்ததுதான். மூன்று பேர் இருக்கிறார்கள், பார்த்துக்கொள்ள ஓர் அக்கா இருக்கிறார், இன்னும் ஒருவருக்கு இடம் இருக்கிறது. வீட்டில் பேச்சு ஆரம்பித்தது. அம்மா வேண்டாம் என்றது. "பழகின இடத்துலேர்ந்து ஏன் புடுங்கணும்? நல்லாருக்கேன்னுதான சொல்றான்." பணம் கட்டும் பெரிய மாமா, அங்கே மாதம் 1,500 ரூபாய் கூட ஆகும் என்றார். அம்மாச்சி, "நான் கண்ண மூடுன பெறகு என்னமோ பண்ணிக்கங்க" என்று திரும்பிப் படுத்துக்கொண்டது. மாமாவைக் கேட்கலாம் என்றேன். கேட்டால் என்ன சொல்வார் என்று எல்லோருக்கும் தெரியும்.

கடைசியில் பொங்கலுக்கு வீட்டுக்கு அழைத்துப் போவதாகச் சொல்லி ஹோமில் லீவு வாங்கி, அதில் மூன்று நாள் மாமாவை அந்த வீட்டில் தங்க வைத்தோம். நானும் கூடவே தங்கினேன். முதல் ராத்திரி அவர் தூங்கவே இல்லை. எட்டரைக்கு விளக்கை அணைக்கவில்லை என்பதே அவருக்குக் கலவரமாக இருந்தது. எழுந்து எழுந்து சுவிட்சைப் பார்த்துக்கொண்டிருந்தார். அணைக்கலாமா என்றால் ஆமா, எரியட்டுமா என்றால் ஆமா. நான் ஒன்றும் செய்யாமல் படுத்திருந்தேன். பத்து மணிக்கு மேல் அவரே போய் அணைத்தார். பிறகு போட்டார். பிறகு அணைத்தார். அந்த சுவிட்சோடு ஒரு பத்து நிமிடம் இருந்திருப்பார்.

இரண்டாம் நாள் அக்கா தூக்குவாளியை எடுத்தபோது மாமா எழுந்து நின்றுவிட்டார். அம்மாச்சி வீட்டில் இருந்த காலத்தில் முனைக்கடைக்குத் தூக்குவாளியோடு போய் டீ வாங்கி வருவது அவர் வேலை. அம்மா எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறது. ஒரு நாளும் காசு தொலைத்ததில்லை, வழி தவறியதில்லை. அக்கா வாளியை அவர் கையில் கொடுத்தார், மூன்று பேரும் நடந்தோம். கடைக்காரர் ஆற்றிக்கொண்டிருக்கும்போது மாமா, "சீனி கம்மி" என்றார்.

கடைக்காரருக்கு அது ஒன்றுமில்லை, கம்மியாகப் போட்டுக் கொடுத்தார். மாமா ஒன்றை இப்படி வேண்டும் என்று சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. ஹோமில் 11 வருடமாக நாலு மணிக்குச் சர்க்கரை போட்டுக் கலந்த டீயைக் குடித்துக்கொண்டிருந்த ஆள்.

இத்தோடு நிறுத்திக்கொண்டால் கதை நன்றாக இருக்கும். ஆனால் அன்று சாயங்காலத்திலிருந்தே மாமா "கூட்டாளி, கூட்டாளி" என்று கேட்க ஆரம்பித்துவிட்டார். ஹோமில் பக்கத்துக் கட்டில்காரரை அவர் அப்படித்தான் கூப்பிடுவார். அந்த மனிதர் அதிகம் பேச மாட்டார். எங்கேயோ ரயில்வே ஸ்டேஷனில் இருந்தவரை போலீஸ்காரர்கள் கொண்டுவந்து விட்டார்களாம், ஊர் எது என்று யாருக்கும் தெரியாது. நாங்கள் மாமாவுக்குக் கொடுக்கும் கடலை மிட்டாயில் பாதி எப்போதும் அவருக்குப் போகும். மூன்றாம் நாள் அக்கா வீட்டில் சாப்பாடு போட்டபோது மாமா தட்டில் பாதியை ஒதுக்கி வைத்துவிட்டார். ஹோமுக்குத் திரும்பி வந்ததும் நேராகப் போய் கூட்டாளி பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். அப்போது அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்துக்கு மதிப்பெண் போட எனக்குத் தெரியவில்லை.

அம்மா இதைக் கேட்டுவிட்டு, "பாத்தியா, நான் சொன்னேன்ல" என்றது. எனக்கு அப்படித் தோன்றவில்லை. 'நல்லாருக்கேன்' என்று அவர் சொன்னதில் பெரும் பங்கு அந்த ஹோமுக்கு உரியதில்லை, கூட்டாளிக்கு உரியது. அது ஹோமின் கேட்டுக்குள் நடக்கிறது, அவ்வளவுதான். இரண்டு வாரம் இதையே திரும்பத் திரும்பப் பேசினோம். சீனி கம்மி என்றதை மட்டும் நான் தினமும் ஒரு தடவையாவது சொன்னேன். ஒரு நாள் அம்மாச்சி படுக்கையிலிருந்தே, "அவனுக்குச் சின்னதுலேர்ந்து இனிப்பு தூக்கலா இருந்தா ஆகாதுடா. மறந்தே போயிட்டேன்" என்றது. அன்றைக்குத்தான் அம்மா, அப்படியானால் அந்தக் கூட்டாளியையும் கேட்டுப் பார்க்கலாமே என்றது.

கேட்பது அவ்வளவு எளிதில்லை. மாமாவுக்குக் கையெழுத்துப் போட அம்மா இருக்கிறது. கூட்டாளிக்கு யாரும் இல்லை. 1999இல் வந்த தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்குப் பாதுகாவலரை நியமிக்க மாவட்டத்துக்கு ஒரு குழு உண்டு. கலெக்டர் அதில் இருப்பார். உறவினர் விண்ணப்பிக்கலாம், பதிவு பெற்ற நிறுவனமும் விண்ணப்பிக்கலாம். ஹோம் நிர்வாகி முதலில் தயங்கினார், பிறகு கடிதம் கொடுக்கச் சம்மதித்துவிட்டார். வருகிற திங்கட்கிழமை அம்மாவும் நானும் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துக்குப் போகிறோம். எனக்கு அன்று இன்டர்னல் டெஸ்ட் இருக்கிறது, அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

அக்காவிடம் ஒருவருக்குத்தான் இடம். இந்த மாதக் கடைசி வரை யாருக்கும் கொடுக்காமல் வைத்திருப்பதாகச் சொல்லியிருக்கிறார். இரண்டு பேர் என்றால் எங்கே போடுவது என்று கேட்டார். நேற்று டேப் எடுத்துக்கொண்டு போய் அளந்து பார்த்தேன். முன்ரூமில் ஜன்னல் பக்கச் சுவர் ஆறே கால் அடி இருக்கிறது. கட்டில் ஆறடி.